அறிவிக்க வேண்டிய பொருள்

விமான நிலையத்தில் சில சொற்களை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது நமக்குப் பழகிய பாடம். நான் முதல் தடவை விமானம் ஏறக் கிளம்பியபோது மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பாம், துப்பாக்கினு விளையாட்டுக்குக்கூட வாயத் தொறந்துடாத, தூக்கி உள்ள வெச்சிடுவான்" என்று சொல்லி அனுப்பினார். அதனால் டல்லாஸ் விமான நிலையத்தில் என் பக்கத்தில் நின்ற மனிதர் கவுண்டர் பெண்ணிடம், "துப்பாக்கி ஒண்ணு இருக்கு, அறிவிக்கணும்" என்று, இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிற தொனியில் சொன்னபோது நான் என்னையறியாமல் அரையடி பின்னால் நகர்ந்தேன்.

அவர் எங்கள் அணியில் மூத்தவர். டேட்டாபேஸ் ஆள், அறுபதை நெருங்குகிறார். டென்வரில் இரண்டு நாள் வேலை. முடிந்ததும் நான் திரும்பிவிடுவேன், அவர் அப்படியே கொலராடோ மலைக்கு எல்க் மான் வேட்டைக்குப் போவார். கையில் வீணைப் பெட்டி அளவுக்கு நீளமான ஒரு கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. கவுண்டர் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. குண்டு போட்டிருக்கிறதா? இல்லை. தோட்டா? அட்டைப் பெட்டியில், உள்ளேயே. அவள் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்றை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டு, பூட்டுகளைத் திறந்து, சீட்டை உள்ளே வைத்து, மறுபடி பூட்டினார். ஸ்கேன் செய்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கூப்பிடுவார்கள் என்று பத்து நிமிடம் அங்கேயே நின்றோம். யாரும் கூப்பிடவில்லை. பாதுகாப்புச் சோதனைக்குப் போனோம். அங்கே என்னிடம் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அந்த விதிகளை முழுக்கப் படித்தேன். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி. ஒரு விஷயம் நம்பமுடியாத அளவுக்குச் சுலபமாக நடந்தால், அதன் பின்னால் என்ன நிபந்தனைகள் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் தூக்கம் வராது.

நிபந்தனைகள் கொஞ்சம்தான். துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. கெட்டியான பெட்டியில் பூட்டியிருக்க வேண்டும். கைப்பையில் கூடாது, விமானத்தின் வயிற்றுக்குள் போகும் லக்கேஜில்தான் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் வாயால் சொல்ல வேண்டும். என்னை நிறுத்தி வைத்தது அடுத்த விதி: பூட்டின் சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். அதிகாரிகள் திறந்து பார்க்க வேண்டுமென்றால் அவரைக் கூப்பிட்டுச் சாவி வாங்க வேண்டும்.

இதன் அருமை நம்மைப் போல மூன்று பெட்டியில் குடும்பத்தையே அடைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் தெரியும். நம் பெட்டிக்குப் போடும் பூட்டு சும்மா ஒரு மரியாதைக்கு. சிவப்பு வைரச் சின்னம் போட்ட டிஎஸ்ஏ பூட்டுகளுக்கு அதிகாரிகளிடம் பொதுச்சாவி உண்டு. அந்தச் சாவிக்கொத்தின் புகைப்படம் 2014இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையோடு வெளியானது. அடுத்த வருடமே அதைப் பார்த்து முப்பரிமாண அச்சில் சாவி செய்வதற்கான கோப்புகளை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். சாவிகள் வேலையும் செய்தன. ஆக, அம்மாவின் பட்டுப்புடவை இருக்கும் பெட்டியை ஊரே திறக்கலாம், துப்பாக்கி இருக்கும் பெட்டியைச் சொந்தக்காரர்தான் திறக்க முடியும். இந்த ஓட்டையைச் சில புகைப்படக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஓட்டப்பந்தயம் தொடங்கிவைக்கச் சத்தம் மட்டும் எழுப்பும் துப்பாக்கியும் விதிப்படி துப்பாக்கிதான். அதில் ஒன்றை வாங்கி, விலையுயர்ந்த கேமராவும் லென்ஸும் இருக்கும் பெட்டியில் போட்டுக் கவுண்டரில் அறிவித்துவிட்டால், நல்ல பூட்டும் கூடுதல் கவனிப்பும் பெட்டிக்குக் கிடைத்துவிடுகின்றன. பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோக அதன் பக்கத்தில் ஒரு துப்பாக்கியைப் படுக்கவைக்கிறார்கள். எனக்கு இதில் சிரிப்பதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை.

தோட்டாவுக்கு அளவு உண்டு. சர்வதேச விமான விதிகள் ஒரு பயணிக்கு 5 கிலோ வரை என்கின்றன. 9 எம்எம் தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம். பெட்டியின் எடையைக் கொஞ்சம் கழித்தாலும் முந்நூறு, நானூறு வரும். ஊரிலிருந்து திரும்பும்போது ஆவக்காயும் பருப்புப் பொடியும் ஐந்து கிலோவைத் தாண்டுகிறதா என்று தராசு முன்னால் உட்கார்ந்து மல்லுக்கட்டியவனுக்கு இந்த எண் வேறு மாதிரி கேட்கிறது.

இவ்வளவு வெடிமருந்தை எப்படி விமானத்தில் விடுகிறார்கள் என்ற கேள்விக்கு இயற்பியலில் நியாயமான பதில் இருக்கிறது. தோட்டா ஆபத்தானதாக ஆவது துப்பாக்கிக் குழலுக்குள்தான். குழல் மருந்தின் வாயுவை ஒரே திசையில் அடைத்துத் தள்ளுவதால்தான் ஈயத்துண்டு அந்த வேகத்தில் பாய்கிறது. குழலுக்கு வெளியே, ஒரு பெட்டிக்குள் தோட்டா சூடாகி வெடித்தால் பித்தளைக் கூடு கிழியும், படபடவென்று சத்தம் வரும், சில்லுகள் கொஞ்ச தூரம் தெறிக்கும். அதனால் வெடிபொருள் வகைப்பாட்டில் இவற்றை 1.4எஸ் என்ற கடைசிப் படியில் வைத்திருக்கிறார்கள். வெடித்தாலும் பாதிப்பு பொட்டலத்தோடு நின்றுவிடும் என்று அதற்குப் பொருள். ஆனால் பொட்டலம் வேண்டும். அட்டை, மரம், பிளாஸ்டிக், உலோகம், எதுவானாலும் தோட்டாவுக்கென்றே செய்த பெட்டியாக இருக்க வேண்டும். பையின் அடியில் சில்லறைக் காசுபோலக் கிடக்கக் கூடாது, அடிப்பாகத்தில் ஏதாவது கூர்மையாகப் போய் மோதிவிடும்.

தோட்டாவை எண்ணிப் பார்க்கிற வழக்கம் எனக்குத் தேனிப் பக்கத்துப் பெரியப்பா வீட்டில் வந்தது. தோட்டத்துக்குள் வரும் காட்டுப்பன்றிக்காக அவரிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வர வேண்டும். தோட்டா வாங்கினால் லைசென்ஸ் புத்தகத்தில் எண்ணிக்கை ஏறும். வருடத்துக்கு இத்தனை, ஒரு நேரத்தில் இத்தனை என்று கணக்கு. அவர் அந்தத் தகர டப்பாவைத் திறந்து எண்ணும்போது பெரியம்மா நகை எண்ணுவது போலவே இருக்கும். டெக்சாஸில் விளையாட்டுச் சாமான் கடையில் ஐம்பது தோட்டாப் பெட்டியைப் பேட்மிண்டன் பந்துக்கு நாலு வரிசை தள்ளி அடுக்கியிருக்கிறார்கள். வாங்குகிறவர் எத்தனை வைத்திருக்கிறார் என்று எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

விமான விதிகள் பற்றிப் பேசும்போது 2017 ஜனவரி 6ஐத் தாண்டிப் போக முடியாது. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து மினியாபோலிஸ் வழியாக ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் வந்து இறங்கினார் 26 வயது முன்னாள் ராணுவ வீரர் ஒருவர். ஈராக்கில் பணியாற்றியவர். அவர் ஏற்றிய லக்கேஜ் ஒன்றே ஒன்று: பூட்டிய பெட்டியில் ஒரு 9 எம்எம் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும். முறைப்படி அறிவித்திருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போனார், குண்டுகளைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், லக்கேஜ் வரும் பெல்ட்டைச் சுற்றி நின்றவர்களைச் சுட்டார். தோட்டா தீர்ந்ததும் தரையில் படுத்துக்கொண்டார். ஐந்து பேர் செத்துப்போனார்கள்.

இரண்டு மாதம் முன்புதான் அவர் ஆங்கரேஜில் எஃப்பிஐ அலுவலகத்துக்குத் தானாகவே நடந்துபோய், தன் மனதை யாரோ கட்டுப்படுத்துகிறார்கள் என்று சொல்லியிருந்தார். போலீஸ் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டது, மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. டிசம்பரில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தது. வைத்துக்கொள்ள அதனிடம் சட்டம் இல்லை.

எந்த லக்கேஜ் விதி மீறப்பட்டது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எங்கள் தொழிலில் சொல்வதென்றால் எல்லா டெஸ்ட்டும் பாஸ். விதிகள் எழுதப்பட்டது விமானத்தைக் காப்பாற்ற, விமானம் பத்திரமாக இறங்கியது. துப்பாக்கியையும் அதன் சொந்தக்காரரையும் வானத்தில் பிரித்து வைக்கிறார்கள், தரையில் சேர்த்துவைக்கிறார்கள். சேர்த்துவைக்கிற இடம் பாட்டியை அழைக்கப் பேரன்கள் பலூனோடு வந்து நிற்கிற அதே கூடம். அதற்குப் பிறகு சில விமான நிறுவனங்கள் துப்பாக்கிப் பெட்டியைப் பெல்ட்டில் விடாமல் கவுண்டரில் அடையாள அட்டை பார்த்துத் தருகின்றன, பெட்டியைச் சுற்றி பிளாஸ்டிக் டேக் இழுத்துக் கட்டித் தருகின்றன. கத்தரிக்கோல் எத்தனை ரூபாய் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் சக ஊழியரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நாற்பது வருஷமா இப்படித்தான் கொண்டுபோறேன். அந்தாள் பண்ணினதுக்கு என் பெட்டி என்ன பண்ணும்?" என்றார். பிறகு அவரே, பதில் சொல்வது போல, நியூஜெர்சிக் கதை ஒன்றைச் சொன்னார். தேடிப் பார்த்தேன், நடந்ததுதான். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர், நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ராத்திரி ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையம் போய் விதிப்படி கவுண்டரில் சொன்னார். கைது. கிளம்பிய மாநிலத்திலும் போய்ச் சேரும் மாநிலத்திலும் சரியாக இருந்தது, நடுவில் ஒரு ராத்திரி தங்கிய நியூஜெர்சியில் குற்றம். மாநிலம் கடந்து போகிறவர்களைக் காக்க 1986இல் போட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஹோட்டல் அறையில் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாயைத் திறந்து சொன்னதால் மாட்டியவர் அவர். சொல்லாதவர்கள் வேறு ரகம்.

அவர்களின் கணக்கு வருடா வருடம் வெளியாகிறது. 2023இல் அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில், அதாவது கைப்பைகளில், 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றுக்கு 93 குண்டு போட்ட நிலையில். அட்லாண்டாவில் மட்டும் 451. அபராதம் ஏறத்தாழ 15 ஆயிரம் டாலர் வரை போகலாம். பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் ஒன்றுதான்: பையில் இருப்பது மறந்துவிட்டது. கடத்தல்காரன் சொல்லும் பொய் என்று முதலில் நினைத்தேன். இப்போது நம்புகிறேன், நம்புவதால் பயம் கூடுகிறது. என் பைகளில் நான் மறந்துபோனவற்றை யோசித்துப் பார்க்கிறேன். பழனி விபூதிப் பொட்டலம், குரோசின் அட்டை, மாற்றாமல் விட்ட ஐந்நூறு ரூபாய் பழைய நோட்டு. எது தினசரியோ அதைத்தான் மறக்க முடியும். குண்டு போட்ட துப்பாக்கி குரோசின் அட்டையின் இடத்துக்கு வந்து சேர ஒரு சமூகத்தில் எவ்வளவு நடந்திருக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சொந்தச் சிக்கலும் இருந்தது. ஹெச்1பி விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது. கூட்டாட்சிச் சட்டம். சில விலக்குகள் உண்டு, அதில் பிரபலமானது வேட்டை லைசென்ஸ். அதை வாங்கி வைத்துக்கொண்டு சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போய் ஃபோட்டோ போடும் நம்மூர்ப் பையன்கள் உண்டு. நான் வாங்கவில்லை. மானைச் சுடும் ஆசை இல்லாதவன் மான் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

போன வருடம் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவானதும் அவர் ஒரு பெரிய கான்வாஸ் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்ல பை. ஆயுசுக்கும் வரும்." நல்ல பைதான், ஒன்பது அறைகள். எதையும் வைக்கும் முன் பையைப் படுக்கையில் கவிழ்த்து, ஒவ்வொரு அறையாக விரலை விட்டுத் தையல் ஓரம் வரை தடவினேன். ஏழாவது அறையின் மூலையில், உள் துணி கிழிந்த இடத்தில், சின்னதாக வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. பாயின்ட் 22 தோட்டா. மூன்று கிராம் சொச்சம். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.

ஜன்னல் வழியாக வந்த வெயிலில் அது அழகாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதை மேசைமேல் நிற்கவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குப்பையில் போடக் கூடாது. போலீஸைக் கூப்பிடலாம், பழுப்புத் தோல், கையில் தோட்டா, விசா. அவருக்கே ஃபோன் செய்தேன். இருபது நிமிடத்தில் வந்தார். பார்த்தார், "அட, இதுவா" என்றார், எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் மேசையில் மத்திய அரசு வழக்காக நின்றுகொண்டிருந்த பொருள், ஒரு கைநீளம் தாண்டியதும் பட்டன் போல ஆகிவிட்டது. அவருக்கு அந்த வியாழக்கிழமை பீனிக்ஸ் பயணம் இருந்தது. ஞாபகம் வந்து, சட்டைப் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேன் என்று தோன்றினால் டர்க்ஸ் அண்ட் கைகாஸ் தீவுகளைக் கேளுங்கள். கரீபியனில் இருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி, தேனிலவுக் கடற்கரை. 2024 வாக்கில் ஐந்து அமெரிக்கர்கள் அங்கே இப்படி மாட்டினார்கள், பையில் விட்டுப்போன சில தோட்டாக்களோடு. துப்பாக்கி இல்லை. அங்கே குறைந்தபட்ச தண்டனை 12 ஆண்டு. ஒக்லஹோமாவிலிருந்து நாற்பதாவது பிறந்தநாள் கொண்டாடப் போன ஒரு தகப்பனின் பையில் நான்கு தோட்டாக்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது சோதனையில் தப்பிவிட்டன, திரும்பி வரும்போது தீவில் பிடிபட்டன. கடைசியில் நீதிமன்றம் விதிவிலக்கான சூழல் என்று கருதி நிறுத்திவைத்த தண்டனையும் அபராதமும் விதித்து அனுப்பிவைத்தது. அந்த வருடமே சட்டத்தைத் திருத்தி நீதிபதிகளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். துப்பாக்கியே இல்லாத தீவில் துப்பாக்கி வன்முறை கடத்தலாக வந்து இறங்குகிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் கோபம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

மணிலாவில் நடந்தது இன்னும் விசித்திரம். 2015இல் அந்த விமான நிலையத்தில் பயணிகளின் பைகளில் ஒற்றைத் தோட்டா கிடைப்பது தொடர்ந்தது. சோதனை ஊழியர்களே தோட்டாவைப் போட்டுக் காசு பிடுங்குகிறார்கள் என்று புகார். அதற்கு 'தானிம் பாலா', தோட்டா நடுதல் என்று பெயரே வந்துவிட்டது. ஜனங்கள் பையை முழுக்க பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஆனால் பிடிபட்டவர்களில் சிலர் வேறு பதில் சொன்னார்கள். தோட்டாவை அவர்கள் தெரிந்தேதான் வைத்திருந்தார்கள். தாயத்து, காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க.

நம்மூரில் நீதிமன்றங்கள் இதை நிதானமாகத்தான் பார்த்திருக்கின்றன. ஆயுதச் சட்டத்தில் வைத்திருப்பது குற்றமாக வேண்டுமென்றால், வைத்திருப்பது தெரிந்திருக்க வேண்டும் என்று 1972லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையில் ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்களின் வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லித் திரும்பத் திரும்ப ரத்து செய்திருக்கிறது. துப்பாக்கி இல்லாமல் தோட்டாவால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்பதும் ஒரு வாதம். ஆனால் அது உயர் நீதிமன்றத்தில். அதற்கு முன்னால் எஃப்ஐஆர் இருக்கிறது, ஜாமீன் இருக்கிறது, விட்டுப்போன விமானம் இருக்கிறது. சேரவேண்டிய வேலைக்கு நிறுவனம் கேட்கும் போலீஸ் சான்றிதழ் இருக்கிறது. தெரியாது என்பதை நிரூபிப்பது எப்படி என்று எந்தக் கவுண்டரிலும் சீட்டு தருவதில்லை.

நான் ஊர் வந்த இரண்டாவது மாதம் பெரியப்பா தவறிவிட்டார். காரியம் முடிந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், லைசென்ஸ் அவரோடு போயிற்று. அண்ணன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். புத்தகத்தின்படி இருக்க வேண்டியது பதினொரு தோட்டா. டப்பாவில் பத்து. மறுபடி எண்ணினோம், பத்துதான். பீரோ, பரண், மோட்டார் ரூம், தோட்டத்துச் சாலை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினோம். "பன்னிய சுட்டதுல ஒண்ண எழுத விட்டிருப்பாருடா" என்றான் அண்ணன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த மனுசன் உப்பு வாங்கினாக்கூட எழுதுவாரு."

சாயங்காலம் அவளே கண்டுபிடித்தாள். குளிருக்குப் போடுகிற அவருடைய பழைய கம்பளிக் கோட்டின் உள்பையில், சீட்டுக் காகிதம் ஒன்றில் சுற்றியபடி. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெரியப்பா வெளியூர் போனது ஒரே தடவை, அண்ணன் வேலையில் சேர்ந்தபோது டெல்லிக்கு. ரயிலில்.